கிரிஸ்ஃபிளையர் மைலை எங்கே செலவழித்தால் லாபம்? புதியவர்களுக்குப் படிப்படியாக

சிங்கப்பூரில் இருக்கும் நம்மவர்கள் பலரிடம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பயணப் புள்ளித் திட்டமான கிரிஸ்ஃபிளையரில் கணக்கு இருக்கிறது. ஊருக்குப் போய்வந்ததில் கொஞ்சம், கிரெடிட் கார்டில் கொஞ்சம் என்று மைல், அதாவது டிக்கெட்டாக மாற்றக்கூடிய புள்ளி, சேர்ந்திருக்கும். எடுக்கும்போதுதான் கோட்டை விடுகிறார்கள். காலாவதியாகப் போகிறது என்று தெரிந்ததும் அவசர அவசரமாக ஏதாவது ஒரு பொருளாக மாற்றிவிடுகிறார்கள். அதே மைலைக் கொஞ்சம் யோசித்து எடுத்தால் இரண்டு மடங்கு பணம் மிச்சமாகும். எப்படி என்று பார்ப்போம்.

படி 1: காலாவதித் தேதியைப் பாருங்கள்

கணக்கில் நுழைந்ததும் மொத்த மைலோடு நிற்காமல், எந்த மாதம் எவ்வளவு காலாவதியாகிறது என்பதையும் பாருங்கள். சேர்ந்த மாதத்திலிருந்து 36 மாதம் வரை ஒரு மைலுக்கு ஆயுள். 2024 மார்ச்சில் சேர்ந்தது 2027 மார்ச் 31 வரை இருக்கும். அந்தத் தேதிக்குள் டிக்கெட்டைப் பதிவு செய்துவிட்டால் போதும், பயணம் அதற்குப் பிறகு இருக்கலாம். இது தெரியாமல் மைலை வீணாக்குபவர்கள் அதிகம்.

படி 2: ஒரு மைலுக்கு எத்தனை காசு?

எல்லாவற்றுக்கும் அடிப்படை இந்தக் கணக்குதான். காசு கொடுத்து வாங்கினால் டிக்கெட் என்ன விலை என்று பாருங்கள். மைலில் எடுத்தாலும் கையிலிருந்து கட்ட வேண்டிய விமான நிலைய வரி, கட்டணங்களை அதிலிருந்து கழியுங்கள். மிச்சத்தைத் தேவைப்படும் மைலால் வகுங்கள்.

ஓர் உதாரணம். எண்கள் கணக்குக்காக மட்டுமே. உங்கள் தேதிக்கு உரியதை இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னைக்குப் போய்வர 40,000 மைல், வரி 120 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரியில் அதே டிக்கெட் 440 வெள்ளிக்குக் கிடைக்கிறது. 440இல் 120 போக 320 வெள்ளி; 40,000ஆல் வகுத்தால் ஒரு மைலுக்கு 0.8 காசு (நூறு காசு ஒரு வெள்ளி). தீபாவளி வாரத்தில் அதே டிக்கெட் 900 வெள்ளி. 120 போக 780. ஒரு மைலுக்கு 1.95 காசு. அதே விமானம், அதே இருக்கை, அதே மைல். பிப்ரவரியில் காசு கொடுத்துப் போய்விட்டு, மைலைத் தீபாவளிக்கு வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

டிக்கெட்டில் ஒரு பகுதியைக் காசாகவும் மறுபகுதியை மைலாகவும் கட்டும் வழியும் உண்டு. அதில் ஒரு மைல் ஏறக்குறைய ஒரு காசுக்குத்தான் போகும். அதே நிறுவனத்தின் கடையான கிரிஸ்ஷாப்பில் பொருள் வாங்கினால் பெரும்பாலும் அதற்கும் கீழே. ஆகவே ஒரு காசைக் குறைந்தபட்ச அளவாக வையுங்கள். ஒன்றரைக்கு மேல் வந்தால் தாராளமாக எடுக்கலாம்.

பிசினஸ் கிளாஸுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் மூன்று, நான்கு காசு கூட வரும். அதனால் பிசினஸ் கிளாஸில்தான் எடுக்க வேண்டும் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 2,500 வெள்ளி டிக்கெட்டை நீங்கள் ஒருநாளும் காசு கொடுத்து வாங்கப் போவதில்லை என்றால், அந்த 2,500 உங்களுக்கு மிச்சமாகவில்லை. உங்கள் பையிலிருந்து எவ்வளவு போயிருக்குமோ, அதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். நாலு பேர் கொண்ட குடும்பம் டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போகிறதென்றால், எகானமியில் கிடைக்கும் 1.9 காசுதான் உண்மையான லாபம். லண்டன் மாதிரி பதின்மூன்று மணிநேரப் பயணம், வயதான பெற்றோரோடு என்றால் பிசினஸ் கிளாஸ் வேறு கதை. அங்கே மைல் நன்றாகவே உழைக்கும்.

படி 3: சேவர் இருக்கை எப்போது திறக்கிறது?

மைல் டிக்கெட்டில் சேவர், அட்வான்டேஜ் என்ற பெயர்களைப் பார்ப்பீர்கள். சேவர் குறைந்த மைல், இருக்கைகள் கொஞ்சம். அட்வான்டேஜுக்குக் கணிசமாக அதிக மைல் வேண்டும். மேலே போட்ட கணக்கு சேவரில்தான் கட்டுப்படியாகும்.

முன்பதிவு 355 நாளுக்கு முன் திறக்கும். டிசம்பர் 20 அன்று கிளம்ப நினைத்தால், முந்தைய ஆண்டு டிசம்பர் 30 வாக்கிலேயே பார்க்கத் தொடங்க வேண்டும். திரும்பி வரும் தேதிக்கான முன்பதிவு அப்போது திறந்திருக்காது. அதற்காகக் காத்திருக்காமல் போகும் வழியை முதலில் எடுத்துவிட்டு, திரும்பும் தேதி திறந்ததும் அதைத் தனியாக எடுங்கள்.

சேவர் கிடைக்கவில்லை என்றால் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுக்கலாம். கிடைக்கும் என்று நம்பி லீவு மட்டும் போட்டுவிடாதீர்கள். இரண்டு நாள் முன்பின் தள்ளிப் பாருங்கள். வெள்ளி இரவு இல்லாத இருக்கை செவ்வாய் காலையில் இருக்கும்.

தேதியைப் பற்றிக் கவலையில்லை என்பவர்களுக்கு ஸ்பான்டேனியஸ் எஸ்கேப்ஸ் என்ற மாதாந்தரச் சலுகை இருக்கிறது. குறிப்பிட்ட சில ஊர்களுக்கு, பெரும்பாலும் அடுத்த மாதப் பயணத்துக்கு, சேவரில் 30 விழுக்காடு வரை தள்ளுபடி. ஒருமுறை எடுத்தால் மாற்றவோ ரத்து செய்யவோ முடியாது.

படி 4: விலை அதிகமான வழிக்கு மட்டும் மைல்

சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் ஒரு வழிக்கு மட்டும் மைல் கொடுக்கலாம். போய்வருவதில் சரிபாதிதான் ஆகும். நம் பயணங்களுக்கு இது பெரிய வசதி. தீபாவளிக்கு முன் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் வழியின் விலை எகிறும். திரும்பும் வழி சில சமயம் அவ்வளவு இருக்காது. கிளம்பும்போது மைல், திரும்பும்போது ஸ்கூட், இண்டிகோ போன்ற மலிவு விமானத்தில் காசு கொடுத்து ஒரு வழி டிக்கெட். திருச்சி, கோயம்புத்தூர் பக்கத்தவர்களுக்கு ஸ்கூட் நேராகவே போகிறது. சென்னையில் இறங்கி ரயிலோ பேருந்தோ பிடிக்கும் செலவையும் அலைச்சலையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். சில நேரம் மைலைத் தொடாமல் இருப்பதே நல்லது என்று தெரியவரும்.

படி 5: கார்டுப் புள்ளிகளை மாற்றுமுன்

வங்கிப் புள்ளிகளை மைலாக மாற்றிவிட்டால் திரும்ப மாற்ற முடியாது. மாற்றிய நாளிலிருந்து 36 மாதக் கடிகாரமும் ஓடத் தொடங்கும். பல வங்கிகள் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் பிடிக்கின்றன, ஆகவே துண்டு துண்டாக மாற்றாதீர்கள். உங்கள் கார்டின் புள்ளிகள் காலாவதியாகாத வகை என்றால், தேவை வரும்வரை அங்கேயே இருக்கட்டும். ஒரு சிக்கல்: மாற்றம் முடிய சில நாள் ஆகலாம், அதற்குள் இருக்கை போய்விடும். பண்டிகைக் காலப் பயணம் உறுதியானால் மட்டும் முன்கூட்டியே மாற்றி வையுங்கள்.

அதற்காக வருடக்கணக்கில் சேர்த்துக்கொண்டே போகவும் வேண்டாம். தேவைப்படும் மைல் அளவு 2022 ஜூலையில் ஏறியது, 2025 நவம்பரில் மறுபடி ஏறியது. மைலுக்கு வட்டி கிடையாது. ஏறுமுகமாக இருப்பது டிக்கெட்டுக்குத் தேவைப்படும் மைல்தான்.

படி 6: பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

உங்கள் மைலில் ஐந்து பேர் வரை பெயர் பதிந்து டிக்கெட் எடுத்துத் தரலாம். அவர்களுக்குத் தனிக் கணக்கு வேண்டியதில்லை, நீங்கள் கூடவே பறக்க வேண்டியதும் இல்லை. பேரப்பிள்ளையைப் பார்க்க வரும் அம்மா அப்பாவுக்கு எடுப்பது, என் கண்ணில், மைலுக்கு மிக நல்ல பயன். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். அப்பா பெயரையும் இனிஷியலையும் நாம் எழுதும் விதத்தில் குழப்பம் வரும், இருமுறை சரிபாருங்கள்.

படி 7: பதிவு செய்யும்போது

இணையத்தளத்தில் காசு கொடுத்து வாங்கும் பக்கத்துக்குப் பக்கத்திலேயே மைலில் எடுக்கும் பக்கம் இருக்கும். தேதியைத் தேர்ந்து, சேவர் என்பதை உறுதிசெய்து, வரியைக் கார்டில் கட்டினால் முடிந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த விமானங்களின் மைல் டிக்கெட்டுகளுக்கு எரிபொருள் கட்டணம் வாங்குவதை 2017இலேயே நிறுத்திவிட்டது. கூட்டாளி நிறுவன விமானம் என்றால் அந்தத் தொகையைத் தனியாகப் பாருங்கள்.

திட்டம் மாறினால் சேவரையும் கட்டணம் கட்டி ரத்து செய்து மைலைத் திரும்பப் பெறலாம். ஆனால் இடைப்பட்ட நாளில் காலாவதித் தேதி கடந்துவிட்ட மைல் திரும்பி வராது. கடைசி நேரத்தில் காப்பாற்றிய மைலில் எடுத்த டிக்கெட் என்றால், ரத்து செய்வதைவிடத் தேதியை மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள்.