மறைத்த விதம் பார்த்துத் திறக்கும் சொல்லைத் தேர்வது எப்படி?

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே நின்றது. 2009 ஆகஸ்ட் 9 அன்று அன்றைய தமிழக முதல்வர் கருணாநிதி அதைத் திறந்து வைத்தார். இந்தச் செய்திக்கு 'திறந்து வைத்தார்' என்ற சொல் ஒன்றுதான் பொருந்தும். 'வெளியிட்டார்' என்று போட்டால் சிலை புத்தகமாகிவிடும். 'வெளிப்படுத்தினார்' என்றால் மனசுக்குள் இருந்த ஏதோ ஒன்றைச் சொன்னதாக ஆகும். 'அம்பலப்படுத்தினார்' என்றால் சிலை விஷயத்தில் முறைகேடு நடந்திருக்கிறது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

மறைந்திருந்தது வெளியே வந்ததைச் சொல்ல எந்தச் சொல்லை எடுப்பது என்ற இந்தத் தடுமாற்றம், பெங்களூருவில் இருந்துகொண்டு தமிழ் எழுதுபவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். காலையில் கன்னடச் செய்தி, பகலெல்லாம் ஆங்கில மெயில், வீட்டுக்கு வந்தால் தமிழ். ஒரு மொழியின் சொல் இன்னொன்றின் இடத்தில் தெரியாமல் வந்து உட்கார்ந்துவிடும். சங்க மலருக்குக் கட்டுரை எழுதினாலும், கம்பெனி அறிவிப்பை மொழிபெயர்த்தாலும், கீழே உள்ள வரிசையில் பார்த்துக்கொண்டு போங்கள்.

முதல் கேள்வி: எப்படி மறைத்தார்கள்?

இதுதான் அடிப்படை, இதில் தவறினால் மற்றதைச் சரிசெய்து பயனில்லை. வெளியே கொண்டுவரும் தமிழ்ச் சொற்களில் பெரும்பாலானவை, அந்த விஷயம் எப்படி மறைந்திருந்தது என்ற படத்தையும் கூடவே தூக்கிக்கொண்டு வருகின்றன. முடிச்சுப் போட்டிருந்தால் அவிழ்க்க வேண்டும். புதைத்திருந்தால் தோண்ட வேண்டும். திரை போட்டிருந்தால் விலக்கவோ கிழிக்கவோ வேண்டும். விழுங்கியிருந்தால் கக்க வேண்டும். தேக்கி வைத்திருந்தால் கசியும். சாயம் பூசியிருந்தால் வெளுக்கும். வேஷம் உடம்போடு ஒட்டியிருந்தால் தோலை உரிக்க வேண்டும்.

படம் மாறினால் வாக்கியம் ஒடியும். 'முகத்திரை உடைந்தது' தவறு. திரை உடையாது, கிழியும். 'மர்மத்தைத் தோலுரித்தார்' தவறு; தோலுரிக்க ஒரு போலி ஆள் வேண்டும். மர்மம் விலகும், அல்லது அதன் முடிச்சு அவிழும். 'சாயத்தை வெளுத்தார்' என்றும் எழுதக் கூடாது. சாயம் தானாகத்தான் வெளுக்கும். இரண்டு மழையில் நனைந்த துணி போல, நாள்பட நாள்பட ஆளின் நிறம் தெரியவரும் என்பதுதான் அந்தச் சொல்லின் பலமே.

'அவிழ்' மட்டும் ஜாக்கிரதை. முடிச்சை அவிழ்த்தால் உண்மை வரும். மூட்டையை அவிழ்த்தால் பொய் வரும். 'கதையை அவிழ்த்துவிட்டான்', 'புளுகு மூட்டையை அவிழ்த்தான்' என்பவை ஊரறிந்த வழக்கு. அதனால் 'அமைச்சர் பல உண்மைகளை அவிழ்த்துவிட்டார்' என்று எழுதினால், அவர் சொன்னதெல்லாம் பொய் என்று கிண்டல் செய்வதாகப் படும்.

'துப்புத் துலக்கு' என்பதன் உள்ளே இருக்கும் படம் பலருக்கு மறந்துவிட்டது. துலக்குவது என்றால் பாத்திரம் தேய்ப்பது. பித்தளைக் குத்துவிளக்கில் புளியைத் தடவி, கொஞ்சம் ஊறவிட்டுத் தேய்த்தால் கறுப்பு போய்ப் பளபளப்பு வரும். அந்தப் பளபளப்பு புதிதாக வந்ததில்லை, அழுக்குக்குக் கீழே முன்பே இருந்தது. 'விளக்கு' என்ற வினையும் இதே வேலைதான். பல் விளக்குகிறோம், பாத்திரம் விளக்குகிறோம், பொருளும் விளக்குகிறோம். ஆகவே ஏற்கெனவே கண்முன் இருந்த தடயத்தைப் பொறுமையாகத் தேய்த்துத் தெளிவாக்கினால் 'துலக்கு'. ஆழத்தில் கிடந்ததை வெளியே எடுத்தால் 'தோண்டி எடு'. வேண்டாததைக் கிண்டினால் 'கிளறு'. 'பழைய கதையை ஏன் கிளறுறே?' என்பதில் கண்டனம் இருக்கிறது. 'துலக்கினார்கள்' என்பதில் பாராட்டு இருக்கிறது. வேலை ஏறக்குறைய ஒன்று, எழுதுபவர் நிற்கும் பக்கம்தான் வேறு.

இரண்டாவது: யாருடைய ரகசியம், யார் சொன்னார், வேண்டுமென்றா?

ஒரே சம்பவத்தை வைத்துப் பார்க்கலாம். ஸ்ரீராமபுரத்தில் லீஸுக்கு விட்ட வீட்டை, குடியிருப்பவர்களுக்குச் சொல்லாமல் விற்கப் பார்க்கிறார் ஓனர். விஷயம் குடியிருப்பவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

ஓனரே நேரில் வந்து சொன்னால் 'தெரிவித்தார்'. கேட்டபிறகு, மறைக்க முடியாமல் சொன்னால் 'ஒப்புக்கொண்டார்'. ஓனர் அம்மா காபி கொடுக்கும்போது வாய்தவறிச் சொன்னால் 'உளறிவிட்டார்'. அதையே நாலு பேர் நடுவில் தெரிந்தே சொன்னால் 'போட்டு உடைத்தார்'. புரோக்கர் 'அக்கா, உங்ககிட்ட சொல்லாம விக்கப் பாக்குறாரு' என்று ஓனரை மாட்டிவிட்டால் 'போட்டுக்கொடுத்தார்'. என்ன விலை பேசினார்கள், எவ்வளவு அட்வான்ஸ், எந்த வக்கீல் என்று ஒன்று விடாமல் சொன்னால் 'பிட்டுப் பிட்டு வைத்தார்'. இட்லியைத் துண்டு துண்டாகப் பிட்டு வைப்பது போல. யார் சொன்னதென்றே தெரியாவிட்டால் 'விஷயம் கசிந்தது'. ஓனரின் தந்திரம் பிடிபட்டது என்ற கோணத்தில் சொன்னால் 'குட்டு வெளிப்பட்டது'. தெருவே கூடிப் பேசினால் 'அம்பலமாகிவிட்டது'.

இதில் செயப்படுபொருளைக் கவனியுங்கள். உளறுவதும் போட்டு உடைப்பதும் விஷயத்தை. போட்டுக்கொடுப்பதும் காட்டிக்கொடுப்பதும் ஆளை. 'ரகசியத்தைக் காட்டிக்கொடுத்தான்' என்பது தளர்ந்த வாக்கியம். 'நண்பனைக் காட்டிக்கொடுத்தான்' என்பதுதான் இறுக்கமானது. இந்த இரண்டில் போட்டுக்கொடுப்பது சின்ன அளவு: பள்ளிக்கூடம், ஆபீஸ், வீடு. காட்டிக்கொடுப்பது துரோகம். ஆனால் எழுவாய் மனிதனாக இல்லாவிட்டால் துரோகம் கரைந்துவிடும். 'சிரிக்கவில்லை என்றுதான் சொன்னான், கண் காட்டிக்கொடுத்துவிட்டது' என்பதில் யாருக்கும் குற்றமில்லை.

துணைவினையும் நிறைய வேலை செய்கிறது. 'சொல்லிவிட்டான்' என்றால் இனித் திரும்ப எடுக்க முடியாது. 'சொல்லிவைத்தான்' என்றால் முன்னெச்சரிக்கை. 'சொல்லிக்காட்டினான்' என்றால் செய்த உதவியையோ பழைய தவறையோ குத்திப் பேசினான். அகராதியில் வினையை மட்டும் பார்த்து எடுத்தால் இந்த வேறுபாடு கைநழுவிப் போகும்.

மூன்றாவது: எழுதுபவர் எதற்குப் பொறுப்பேற்கிறார்?

செய்தி எழுதுபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். 'அம்பலப்படுத்தினார்', 'தோலுரித்துக் காட்டினார்', 'வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்' என்றெல்லாம் எழுதும் நேரத்திலேயே, உள்ளே இருக்கும் விஷயம் உண்மை என்று நீங்களும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறீர்கள். சோதிக்க எளிய வழி உண்டு. வாக்கியத்தின் பின்னால் 'ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை' என்று ஒட்டிப் பாருங்கள். 'ஒப்பந்தத்தில் ஊழல் என்று குற்றஞ்சாட்டினார், ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை' நிற்கிறது. 'ஒப்பந்த ஊழலை அம்பலப்படுத்தினார், ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை' நிற்கவில்லை. நிற்காத சொல்லை, விஷயம் நிரூபணமாகும் வரை தொடாதீர்கள். அதுவரை 'கூறினார்', 'குற்றஞ்சாட்டினார்', 'புகார் அளித்தார்' போதும். 'விசாரணையில் தெரியவந்தது' என்பதும் உண்மை என்று உறுதி கொடுக்கும் சொல்தான். போலீஸ் தரப்பு மட்டும் சொன்னதாக இருந்தால் 'போலீசார் தெரிவித்தனர்' என்று ஆளைப் போட்டு எழுதுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கப் பிழை, ஆளை ஒளித்துவிடும் தன்வினை. 'வினாத்தாள் கசிந்தது' என்றால் தண்ணீர் போல அதுவாகவே கசிந்ததாக ஆகிறது. கசியவிட்டவர் யாரென்று தெரிந்திருந்தால் 'கசியவிட்டார்' என்றே எழுத வேண்டும். தெரியாதபோது மட்டும் 'கசிந்தது'.

'துகிலுரித்துக் காட்டினார்' என்ற தலைப்பை அடியோடு விட்டுவிடலாம். ஒரு பெண்ணுக்கு நடந்த அவமானத்தை ஊழல் செய்திக்கு அலங்காரமாக்குவது சரியில்லை. 'தோலுரித்தார்' இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

கன்னடத்திலிருந்து எடுக்கும்போது

ஒலி ஒன்றாக இருப்பதாலேயே வழுக்கும் சொற்கள் சில. கன்னடத்தில் 'குட்டு' என்றால் வெறும் ரகசியம். 'யஷஸ்ஸின குட்டு' என்று வெற்றிக்கும் சொல்வார்கள். தமிழில் குட்டு என்றால் உள்ளே ஏதோ கள்ளம் இருக்கிறது. 'வெற்றியின் குட்டு' என்று பெயர்த்தால் சாதித்தவரை ஏமாற்றுக்காரர் ஆக்கிவிடுவீர்கள். 'வெற்றியின் ரகசியம்' என்றே போடுங்கள்.

விசாரணையில் ஒருவர் 'பாய் பிட்ட' என்று கன்னடச் செய்தி சொன்னால், அவர் உண்மையைச் சொல்லிவிட்டார் என்று அர்த்தம். தமிழில் 'வாய்விட்டு' என்பது சத்தமாக என்பதற்கு; வாய்விட்டு அழுவோம், வாய்விட்டுச் சிரிப்போம். இங்கே 'வாய் திறந்தார்' அல்லது 'ஒப்புக்கொண்டார்'. 'உண்மையைக் கக்கினார்' என்று எழுதினால் அடியும் மிரட்டலும் நடந்த வாடை வரும்; தெரிந்தே எழுதினால் சரி.

கன்னடத்தின் 'ப்ரகடணெ' சாதாரண அறிவிப்பு. தமிழில் 'பிரகடனம்' என்றால் போர், அவசரநிலை, சுதந்திரம் என்ற அளவுக்குப் போய்விடும். குடிநீர் நிறுத்தத்துக்கு 'அறிவிப்பு' போதும். 'பயலு' என்ற சொல்லில் மட்டும் இரு மொழியும் ஒன்றுபோல யோசித்திருக்கின்றன. பயலு என்றால் திறந்த வெளி, நம் 'வயல்' அதன் உறவு. கன்னடத்தில் ஹகரணத்தை (முறைகேட்டை) பயலுக்கு இழுப்பதும் தமிழில் முறைகேட்டை அம்பலத்துக்கு, அதாவது பொதுமன்றத்துக்குக் கொண்டுவருவதும் ஒரே செயல். ஆகவே 'பயலிகெளெ' வந்தால் தயங்காமல் 'அம்பலப்படுத்து'.

பதமாகத் திறக்க

எல்லா ரகசியத்தையும் உடைக்கவோ கிழிக்கவோ வேண்டியதில்லை. பழைய அகப்பாடல் மரபில், தலைவியின் களவுக் காதலை வீட்டுக்குத் தெரிவிப்பதற்கு 'அறத்தொடு நிற்றல்' என்று பெயர். தலைவி தோழியிடம், தோழி செவிலியிடம் (வளர்ப்புத் தாய்), செவிலி நற்றாயிடம் (பெற்ற தாய்) என்று படிப்படியாகப் போகும். அதற்குத் தொல்காப்பியம் ஏழு வழிகள் சொல்கிறது. அவற்றில் ஒன்று 'ஏதீடு': வெள்ளத்திலிருந்து அவளைக் காப்பாற்றியவன் அவன் என்பது போல ஒரு காரணத்தை முன்வைத்து விஷயத்தை நகர்த்துவது. வரிசையில் கடைசியாக நிற்பதுதான் உண்மை செப்பும் கிளவி, அதாவது உள்ளதை உள்ளபடி சொல்வது. ரகசியத்தைச் சொல்வதையே அறத்தின் பக்கம் நிற்பது என்று பெயரிட்ட மொழி இது என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

இன்றைய பேச்சிலும் அந்தப் படிகள் இருக்கின்றன. லேசாகச் சாடை காட்டுவது, பிறகு கோடி காட்டுவது, பிறகு 'அப்பா காதுல மெதுவா போட்டுவைங்க அத்தை' என்பது, கடைசியில் மனம் திறந்து பேசுவது. இங்கே அடிக்கடி குழம்பும் ஜோடி: 'கோடி காட்டினார்' என்றால் குறிப்பாக, ஓரத்தை மட்டும் காட்டினார், தெருக்கோடியில் வருகிற அதே கோடி. 'கோடிட்டுக் காட்டினார்' என்றால் கோடு போட்டு அழுத்திக் காட்டினார். ஒன்று பாதி மறைப்பது, மற்றது முழுதாகச் சுட்டுவது.

ஆபீஸ், தொழிற்சாலை அறிவிப்புகளில்

புகார்ப் பெட்டிக்கு மேலே 'உங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டோம்' என்று எழுதக் கூடாது. புகார் கொடுப்பவர் ஏதோ தப்பு செய்து ஒளிந்திருப்பவர் போல ஆகிவிடும். பெட்டிப் பக்கமே யாரும் வர மாட்டார்கள். 'உங்கள் பெயரை யாரிடமும் சொல்ல மாட்டோம்' என்று எழுதுங்கள். கொஞ்சம் முறையாக வேண்டுமென்றால் 'வெளியிட மாட்டோம்'. முறைகேட்டைச் சொல்லும் ஊழியருக்கு 'தகவல் கசியவிடுபவர்' என்று பெயர் வைக்காதீர்கள். 'முறைகேட்டை வெளிக்கொணர்பவர்' என்பதில் பழி இல்லை. சொந்தக்காரர் கம்பெனிக்கு ஆர்டர் கொடுப்பது போன்ற விஷயங்களை ஊழியர் தாமே எழுதிக் கொடுக்கும் படிவத்துக்கு 'தெரிவிப்புப் படிவம்' சரி. அதன் தலைப்பில் 'ஒப்புதல்' என்று போட்டால், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் தாளோ என்று நினைத்துக் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள்.