மாத நடுவில் பொட்டு ரத்தம்: கருமுட்டை வெளிவரும் நாளைக் கண்டுபிடிப்பது எப்படி?

குழந்தைக்காகக் காத்திருக்கும் நேரத்தில், மாத நடுவில் உள்ளாடையில் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ ஒரு கறை பட்டால் மனசு பதறிவிடும். பல சமயம் அது ஓவுலேஷன் ஸ்பாட்டிங்தான், அதாவது கருமுட்டை வெளிவருவதை ஒட்டிய பொட்டு ரத்தம். கருமுட்டை வெளிவரும் சமயத்தில் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று குறைவதால் கருப்பையின் உள்படலம் லேசாகக் கசிகிறது. ஒன்றிரண்டு நாளில் நின்றுவிடும். நாப்கின் நனையும் அளவுக்கு இருக்காது. பெரும்பாலான பெண்களுக்கு இது வருவதே இல்லை. வராவிட்டால் கவலை வேண்டாம்.

முதலில் நாள் கணக்கு. அடுத்த பீரியட்ஸுக்குச் சுமார் 14 நாள் முன்னால் கருமுட்டை வெளிவரும். 28 நாள் சுழற்சி என்றால் 14ஆம் நாள் வாக்கில். 34 நாள் என்றால் 20ஆம் நாள் வாக்கில். செயலியை விட மாதக் காலண்டரும் பேனாவும் எனக்குப் பிடிக்கும். கறையின் நிறத்தையும் அதிலேயே எழுதிவிடலாம்.

அப்புறம் ஓவுலேஷன் ஸ்ட்ரிப், கருமுட்டை வெளிவரப்போவதைச் சிறுநீரில் பார்த்துச் சொல்லும் பட்டை. மெடிக்கல் ஷாப்பில் விலை குறைந்ததே போதும். என்னை அதிகம் குழப்பியது இதுதான். கர்ப்பப் பரிசோதனையில் மங்கலான கோடு தெரிந்தாலே பாசிட்டிவ். இதில் அப்படி இல்லை. ‘டி’ (டெஸ்ட்) கோடு ‘சி’ (கன்ட்ரோல்) கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அழுத்தமாகவோ இருந்தால்தான் பாசிட்டிவ். தினமும் ஒரே நேரத்தில், மதியத்துக்கு மேல் பாருங்கள்; அதற்கு முன் இரண்டு மணி நேரம் நிறையத் தண்ணீர் குடிக்காதீர்கள். அட்டையில் போட்டிருக்கும் நிமிடத்துக்குள் போனில் படம் எடுத்து, நேற்றைய படத்தோடு ஒப்பிடுங்கள். காய்ந்த பிறகு கோடு மாறும், அதை நம்ப வேண்டாம். பாசிட்டிவ் வந்தால் பெரும்பாலும் 24 முதல் 36 மணி நேரத்தில் கருமுட்டை வெளிவரும்.

கறை படட்டும் என்று காத்திருந்தால் நல்ல நாட்கள் போய்விடும். விந்தணு 5 நாள் வரை உயிரோடிருக்கும். கருமுட்டைக்கு அதிகபட்சம் ஒரு நாள்தான். வெள்ளைப்படுதல் முட்டை வெள்ளைக்கரு மாதிரி விரலிடையே இழுபடத் தொடங்கியதும் ஒருநாள் விட்டு ஒருநாள் சேருங்கள். லேசான கறை அதற்குத் தடை இல்லை.

பின்சேர்க்கை: சில தோழிகள் கேட்டதால் இதையும் சேர்க்கிறேன். கருமுட்டை வளர்வதைப் பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்டடிக்காகப் பிறப்புறுப்பு வழியாக உள்வழி ஸ்கேன் எடுத்த பிறகும் லேசாகக் கறை படலாம். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருப்பவர்களுக்கு ஸ்ட்ரிப் பல நாள் பாசிட்டிவ் காட்டலாம். அவர்களுக்கு ஸ்கேன்தான் சரி. ஒவ்வொரு முறை சேர்ந்த பிறகும் ரத்தம் வந்தால், கர்ப்பப்பை வாயைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். நாள் தள்ளிப்போய், கறையோடு அடிவயிற்றில் ஒரு பக்கம் வலித்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கரு, கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கக்கூடும்.