மிஞ்சிய மரத்துண்டில் இலையுதிர்காலப் பூசணி

தச்சு வேலையில் மிஞ்சிய சதுரக் கட்டை கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள், இலையுதிர்கால அலங்காரத்துக்கு அதுவே பூசணிக்காய். 4, 6, 8 அங்குல உயரத்தில் மூன்று துண்டுகள் அறுத்துக்கொள்ளுங்கள்; எல்லாம் ஒரே உயரமென்றால் செங்கல் அடுக்கியதுபோல் இருக்கும். 80 எண் உப்புத்தாளால் விளிம்புகளை மழுக்கி, 150 எண் தாளால் ஒருமுறை தேய்த்தால் போதும். ஆரஞ்சு அக்ரிலிக் வண்ணத்தில் சம அளவு தண்ணீர் கலந்து பூசி, காய்வதற்குள் துணியால் துடைத்துவிடுங்கள். மரத்தின் ரேகைகள் தெரியும். அதுதான் அழகு, கண்ணும் வாயும் வரைந்து கெடுக்க வேண்டாம். உச்சியில் துளையிட்டு, ஒரு சுள்ளியை மரப்பசை தொட்டுக் காம்பாகச் செருகுங்கள். நன்றாக உலர்ந்த சுள்ளியாக இருக்கட்டும். பச்சைச் சுள்ளி காயக் காயச் சுருங்கிக் கழன்றுவிடும். என் முதல் பூசணி இப்படித்தான் மொட்டையானது.