இணையதளம் செய்ய ஃப்ரீலான்சரா, ஏஜென்சியா? முடிவெடுக்கும் வழி

தளம் வேண்டும் என்று தோன்றியதும் பலரும் முதலில் கேட்பது "எவ்வளவு ஆகும்?" என்றுதான். என்ன வேலை என்று எழுதிக் கொடுக்காமல் விலை கேட்டால் ஃப்ரீலான்சர் (தனியாக வேலை எடுத்துச் செய்பவர்) ஒரு தொகை சொல்வார், ஏஜென்சி (குழு வைத்துச் செய்யும் நிறுவனம்) அதைவிடப் பல மடங்கு சொல்லும். இரண்டு பேரும் மனத்தில் வைத்திருப்பது வேறு வேறு தளமாக இருக்கும்.

படி 1: வேலையை எழுதுங்கள்

ஒரு பக்கம் போதும். எத்தனை பக்கங்கள், வருகிறவர் படிக்க மட்டுமா, படிவம் நிரப்பவா, பணம் கட்டவா? உரையையும் படங்களையும் யார் தருவது என்பதையும் எழுதுங்கள். டிசைன் முடிந்தும் உரை வராமல் தளம் மாதக்கணக்கில் கிடப்பது இந்தத் துறையில் சகஜம்.

படி 2: எத்தனை விதத் திறமை வேண்டும்?

முடிவு பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும். நாலைந்து பக்கம், ஒரு தொடர்புப் படிவம், வேர்ட்பிரஸ் (தளம் அமைக்க உதவும் மென்பொருள்) என்றால் ஒருவரே செய்துவிடலாம். ஏஜென்சிக்குப் போவது வீண்செலவு என்பேன். ஆன்லைன் கடை, பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கும் வசதி), உறுப்பினர் லாகின், வேறு மென்பொருளோடு இணைப்பு என்று போனால் டிசைன், கோடிங், சர்வர், டெஸ்டிங் எல்லாம் சேரும். எல்லாவற்றிலும் கெட்டிக்காரரான ஒருவர் கிடைப்பது அரிது.

ஏஜென்சி வாங்கும் கூடுதல் பணத்தில் ஒரு பங்கு, இந்த வேலைகளைச் செய்பவர்களை ஒருங்கிணைக்கும் ப்ராஜெக்ட் மேனேஜருக்குப் போகிறது. இரண்டு மூன்று ஃப்ரீலான்சர்களை வைத்தும் இதே வேலையை முடிக்கலாம். அப்போது அந்த மேனேஜர் நீங்கள்தான். அதற்கு நேரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: கேள்வி கேளுங்கள்

ஏஜென்சியிடம்: என் வேலையைச் செய்யப்போவது யார், அவரிடம் நேரே பேசலாமா? பேச வருபவர் ஒருவர், செய்பவர் இன்னொருவர். வேலையை வெளியே ஃப்ரீலான்சரிடமே கொடுக்கும் ஏஜென்சிகளும் உண்டு. ஃப்ரீலான்சரிடம்: இப்போது கையில் எத்தனை வேலை, உங்களுக்கு முடியாமல் போனால் யார் தொடர்வார்? இருவரும் காட்டும் பழைய தளங்களைப் போனில் திறந்து பாருங்கள். அதில் எந்தப் பகுதியைச் செய்தார்கள் என்றும் கேளுங்கள்.

படி 4: எல்லாம் உங்கள் பெயரில்

யாரை எடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்), ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்) இரண்டும் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் இருக்க வேண்டும். டொமைன் வேறொருவர் பெயரில் பதிவாகியிருந்தால், பதிவேட்டின்படி அவர்தான் அதன் உரிமையாளர். தளத்துக்காக எழுதும் கோடும் (நிரல்) அப்படித்தான். வெளியாளிடம் செய்யச் சொன்ன கோடின் பதிப்புரிமை (காப்பிரைட்), எழுத்தில் மாற்றித் தராதவரை பல நாடுகளில் எழுதியவரிடமே இருக்கும். பணம் முழுதும் கொடுத்ததும் உரிமை உங்களுக்கு வரும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்.

படி 5: பணமும் பராமரிப்பும்

முன்பணம், டிசைன் ஒப்புதல், சோதனைத் தளம், லைவ் (தளத்தை எல்லோருக்கும் திறப்பது) என்று தவணையாகப் பிரித்துக் கொடுங்கள். லைவ் போனபிறகும் வேர்ட்பிரஸ், பிளக்இன் (கூடுதல் வசதி தரும் சிறு மென்பொருள்) அப்டேட், பேக்கப் எல்லாம் தொடரும். அதற்கு மாதக் கட்டணமா, மணிக்கணக்கா என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் குழப்பமா? சரி, முகப்புப் பக்க டிசைனை மட்டும் காசு கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். கேட்ட தேதியில் வருகிறதா, திருத்தம் சொன்னால் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்துவிட்டு மீதி வேலையைக் கொடுங்கள்.