கூடுதல் வருமானத்துக்குத் தனிக் கணக்கு

மதுரை வில்லாபுரத்தில் நாங்கள் குடியிருந்த வளவில், அதாவது பல குடும்பங்கள் சேர்ந்து வாழும் வீட்டுத் தொகுப்பில், மதியம் இரண்டு மணிக்கு மேல் மல்லிகை வாசம் எழுந்துவிடும். பூ வியாபாரி உதிரிப் பூவை எடைபோட்டு ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போவார். வளவுப் பெண்கள் திண்ணையில் அமர்ந்து, மாலை விளக்கு வைப்பதற்குள் கட்டி முடித்துவிடுவார்கள். முழத்துக்கு இவ்வளவு என்பது கூலி. முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரையிலான அளவு என்பதால், அளக்க வருபவரின் கை நீளமாக இருந்தால் கட்டியவருக்கு நட்டம். அதற்காகவே என் அம்மா கதவு நிலையில் இரண்டு ஆணிகளை அடித்து வைத்திருந்தார். ஆணிக்கு ஆணி ஒரு முழம். யார் அளந்தாலும் அங்கேதான் அளக்க வேண்டும். கிடைத்த கூலியை அப்பாவின் சம்பளத்தோடு சேர்க்காமல் தனி டப்பாவில் போட்டு, மாதம் பிறந்ததும் அஞ்சலகத்தில் கட்டிவிடுவார். நான் கல்லூரியில் சேர்ந்தபோது முதல் கட்டணத்தைச் செலுத்தியது அந்தக் கணக்கிலிருந்துதான்.

கூடுதல் வருமானம் தேடுபவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது அந்த ஆணியும் டப்பாவும்தான். உழைப்பையும் செலவையும் சரியாக அளக்க வேண்டும். வந்த பணம் வீட்டுச் செலவோடு கலப்பதற்கு முன்பே பிரித்து வைக்க வேண்டும். மாலை நேரமெல்லாம் உழைத்துவிட்டு, ஓராண்டு கழித்துக் கையில் ஒன்றும் இல்லையே என்று வருந்தும் குடும்பங்கள் பலவற்றை நான் அறிவேன். அவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் விட்டிருந்தார்கள்.

தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போது, எதில் பணம் அதிகம் என்ற கேள்விக்கு முன்பாக, எனக்கு எந்த நேரம் ஓய்வாக இருக்கிறது, அந்த நேரத்தில் என் தெருவில் இருப்பவர்களுக்கு என்ன தேவைப்படுகிறது என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்தால் மாலை நேர டியூஷன் நடத்தலாம். துணிக்கடைகளுக்கும் தையற்கடைகளுக்கும் அருகில் இருந்தால் சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது, முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது, ரவிக்கைக்கு ஊக்கு வைப்பது போன்ற வேலைகள் வீட்டுக்கே வரும். புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடிச் சேலைக்குச் சாயமேற்றும் முன் முடிச்சுப் போடுவதும் பெண்கள் வீட்டிலிருந்தே செய்து வந்த வேலைதான். ஒத்தக்கடை, மேலூர், வாடிப்பட்டி போன்ற ஊர்ப்புறங்களில் வைக்கோல் எளிதாகக் கிடைப்பதால், நிழலான ஓர் அறை இருந்தால் சிப்பிக் காளான் வளர்க்கலாம். ஒத்தக்கடையில் 1965 முதல் இயங்கும் வேளாண்மைக் கல்லூரி வளாகத்தில் அதற்கு வழிகாட்டுதல் கிடைக்கும். தையல், உணவு பதப்படுத்துதல் போன்றவற்றைப் புதிதாகக் கற்க விரும்புவோர், வங்கிகள் நடத்தும் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தை அணுகலாம். பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. உணவும் தங்குமிடமும்கூட அவர்களே தருகிறார்கள். அரசு ஊழியர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நடத்தை விதிகளின்படி முன் அனுமதி இல்லாமல் அவர்கள் வேறு தொழில் செய்யக் கூடாது.

இனிக் கணக்குக்கு வருவோம். எந்தத் தொழிலானாலும் தொடங்குவதற்கு முன்பு ஒரு நாள் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தே ஆக வேண்டும். எங்கள் பகுதியில் பலர் செய்யும் இட்லி மாவு வியாபாரத்தையே எடுத்துக்கொள்வோம். விலைகள் கடைக்குக் கடை மாறும் என்பதால், கீழே உள்ளவற்றை உதாரணமாக மட்டும் கொள்ளுங்கள். இட்லி அரிசி 4 கிலோ, கிலோ 45 ரூபாய் வீதம் 180 ரூபாய். உளுந்து 1 கிலோ 130 ரூபாய். வெந்தயமும் உப்பும் 10 ரூபாய். மின்சாரமும் பொட்டலத்துக்கான கவரும் 25 ரூபாய். ஆக மொத்தம் 345 ரூபாய். இதில் சுமார் 12 கிலோ மாவு கிடைப்பதாகவும், கிலோ 40 ரூபாய்க்கு விற்பதாகவும் வைத்துக்கொண்டால், வரவு 480 ரூபாய், மிச்சம் 135 ரூபாய். ஆனால் அன்றைக்கு 2 கிலோ விற்காமல் தங்கிவிட்டால் 80 ரூபாய் குறைந்து, மிச்சம் 55 ரூபாயாகச் சுருங்கிவிடும். புளித்துப்போன மாவை மறுநாள் யாரும் வாங்க மாட்டார்கள். ஆகவே இந்தத் தொழிலில் லாபத்தைத் தீர்மானிப்பது விலை அல்ல, விற்காமல் தங்கும் மாவுதான். பத்து வீடுகளில் முந்தைய நாளே சொல்லிவைத்து வாங்கும் பழக்கத்தை உண்டாக்கிவிட்டு, அந்த அளவுக்கு மட்டும் ஆட்டுவதே பாதுகாப்பான தொடக்கம்.

இந்தக் கணக்கில் எழுதப்படாத செலவு ஒன்று உண்டு. கிரைண்டர் பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது என்பதால் அதற்குச் செலவே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். தினமும் இரண்டு முறை ஓடும் கிரைண்டருக்குக் கல் தேயும், பெல்ட் அறுந்துபோகும், மோட்டாரும் ஒருநாள் நின்றுபோகும். நாளொன்றுக்கு 10 ரூபாயாவது அதன் பெயரில் ஒதுக்கி வைத்தால்தான், அது நிற்கும் நாளில் வட்டிக்கு வாங்க வேண்டியிருக்காது. இரு சக்கர வாகனத்தில் உணவு, பொருள் கொண்டு சேர்க்கும் வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். பெட்ரோலைக் கழித்துவிட்டு மீதியெல்லாம் வருமானம் என்று எண்ணுகிறார்கள். டயரும், பிரேக்கும், ஆயிலும், வண்டியின் ஆயுளும் அந்த மீதிக்குள்தான் இருக்கின்றன. உணவுப் பொருளை விற்பவர்கள், அது வீட்டுச் சமையலறையில் செய்ததாக இருந்தாலும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது சட்டப்படி கட்டாயம்.

மதுரையில் வருமானத்துக்குப் பருவம் உண்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது. சித்திரைத் திருவிழாவும், வைகாசி, ஆவணி, தை முகூர்த்தங்களும் பூ கட்டுபவருக்கும், தைப்பவருக்கும், பலகாரம் செய்பவருக்கும் கை நிறைய வேலை தரும். ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் இல்லை என்பதால் அந்த வேலைகள் மந்தமாகிவிடும். மார்கழிப் பனியில் மல்லிகை வரத்து குறைந்து, மாட்டுத்தாவணிச் சந்தையில் கிலோ விலை ஆயிரங்களைத் தொடும்போது, அது கட்டுபவரின் கூலியை உயர்த்துவதில்லை. கட்டுவதற்குப் பூவே குறைந்துவிடுகிறது. ஆகவே நல்ல மாதத்து வருமானத்தை வைத்து மாதச் சேமிப்புத் தவணையை நிர்ணயிக்காதீர்கள். மந்தமான மாதத்தில் எவ்வளவு கட்ட முடியுமோ அதைத் தவணையாக வைத்துக்கொண்டு, நல்ல மாதத்தில் கூடுதலாக வந்ததைத் தனியாகப் போடுங்கள்.

சேமிக்கத் தொடங்குவதற்கு முன்பு கடன் இருந்தால் அதை அடைப்பதே முதல் சேமிப்பு. தண்டல் எனப்படும் நாள் தவணைக் கடனின் கணக்கைப் பாருங்கள். 10,000 ரூபாய் என்று எழுதி, 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 ரூபாய் கொடுக்கிறார்கள். நாள்தோறும் 100 ரூபாயாக 100 நாட்களில் திருப்பிக் கட்ட வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் கொண்டால், அது ஆண்டுக்கு ஏறத்தாழ 80 விழுக்காடு வட்டி. அந்தக் கடனை வைத்துக்கொண்டு 7 விழுக்காட்டுக்குச் சேமிப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் சுமப்பதாகும். அநியாய வட்டிக்குக் கொடுப்பதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்துக்குப் போகத் தயங்க வேண்டாம். அவசரத்துக்குக் கடன் வாங்கியே தீர வேண்டுமென்றால் மகளிர் சுய உதவிக் குழுவில் சேர்ந்திருப்பது பெருந்துணை. அழகர்கோவில் பக்கத்துப் புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அம்மாள், வயல் வேலை செய்த பெண்களைக் களஞ்சியம் என்ற சுய உதவிக் குழுக்களில் திரட்டியவர். 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வாரம் சில ரூபாய் போட்டு, அந்தப் பணத்திலிருந்தே தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொண்ட அந்தப் பெண்களின் முறை, வட்டிக்காரரின் வாசலை நம்பாமல் வாழ முடியும் என்பதை நம் கண்முன்னே நிரூபித்தது.

கடன் தீர்ந்த பின், வீட்டின் மூன்று மாதச் செலவுக்கான தொகையைச் சாதாரண சேமிப்புக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வரும் கணக்கில் வேண்டாம். ஏடிஎம் அட்டை கையில் இல்லாத வேறொரு கணக்காக இருக்கட்டும். அதற்கு மேல் வருவதற்கு, அஞ்சலகத்தின் ஐந்தாண்டுத் தொடர் வைப்பு (ஆர்.டி.) எளிய வழி. மாதம் 100 ரூபாய் முதல் கட்டலாம். 2023 அக்டோபர் முதல் அதற்கு ஆண்டுக்கு 6.7 விழுக்காடு வட்டி நிர்ணயிக்கப்பட்டது. காலாண்டுக்கு ஒருமுறை அரசு விகிதத்தைப் பரிசீலிக்கும் என்றாலும், கணக்குத் தொடங்கும் நாளில் இருக்கும் விகிதம் ஐந்தாண்டுகளுக்கும் மாறாது. அந்த விகிதத்தில் மாதம் 1,000 ரூபாய் கட்டினால், மொத்தம் கட்டிய 60,000 ரூபாய் முடிவில் 71,000 ரூபாய்க்குச் சற்று மேலாகக் கிடைக்கும். ஒரு மாதம் தவறினால் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் அபராதம். தொடர்ந்து நான்கு மாதங்களுக்கு மேல் தவறினால் கணக்கு நின்றுபோகும். ஓராண்டு கட்டிய பிறகு, இருப்பில் பாதி வரை கடனாகப் பெறலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இடையில் பணம் தேவைப்பட்டதும் கணக்கையே முடித்துவிடுகிறார்கள். மூன்றாண்டுகளுக்குப் பிறகு முன்கூட்டி முடித்தால் சாதாரண சேமிப்புக் கணக்கின் வட்டிதான் கிடைக்கும்.

பத்து வயது நிறையாத பெண் குழந்தை வீட்டில் இருந்தால், செல்வமகள் சேமிப்புத் திட்டத்துக்கே நான் முதலிடம் கொடுப்பேன். ஆண்டுக்கு 250 ரூபாய் முதல் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, வசதிப்பட்டபோது கட்டலாம் என்பது பருவ வருமானக்காரர்களுக்கு மிகவும் ஏற்றது. 2024 ஜனவரியில் அதன் வட்டி 8.2 விழுக்காடாக உயர்ந்தது. பதினைந்து ஆண்டுகள் கட்ட வேண்டும். தொடங்கி 21 ஆண்டுகளில் முதிர்ச்சியடையும். மகளுக்கு 18 வயது ஆனதும் படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம். மற்றவர்களுக்குப் பொது வருங்கால வைப்பு நிதி (பி.பி.எஃப்.) இருக்கிறது. இதில் மாதத்தின் 5ஆம் தேதிக்குள் கட்டிய பணத்துக்கு மட்டுமே அந்த மாத வட்டி உண்டு என்பதால், ஒன்றாம் தேதியே கட்டும் பழக்கம் நல்லது. வங்கி வைப்புகளைப் பொறுத்தவரை, ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு.

சீட்டைப் பற்றி எழுதும்போது என் மனம் இன்னும் கனக்கிறது. எங்கள் தெருவில் பல ஆண்டுகள் தீபாவளிச் சீட்டு நடத்திய ஒருவர், ஓர் ஐப்பசியில் பலகாரமும் பாத்திரமும் கொடுக்க வேண்டிய வாரத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். நான் கட்டியிருந்தது மாதம் 500 ரூபாய். பத்துப் பாத்திரம் தேய்த்துப் பிழைத்த பக்கத்து வீட்டு அக்கா கட்டியிருந்தது 1,000 ரூபாய். எங்களிடம் இருந்ததெல்லாம் அவர் கையால் தேதி எழுதிய சிறு அட்டை மட்டுமே. 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்யப்பட்ட சீட்டா, அதற்கான எண்ணும் ஒப்பந்தப் பத்திரமும் இருக்கின்றனவா என்று அன்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள். தெரிந்தவர்தானே என்பதற்காகக் கேட்காமல் இருந்துவிட வேண்டாம். நகைக் கடைகளின் மாதச் சீட்டும், நகை வாங்குவதற்கான முன்பணமே தவிர, வங்கி வைப்புக்கு உள்ள காப்பீடு அதற்குக் கிடையாது.

வேலை தருகிறோம் என்று சொல்லி முதலில் பணம் கேட்கும் எவரையும் நம்பாதீர்கள். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வீடியோவுக்கு லைக் போட்டால் பணம் என்று தொடங்கி, முதல் நாள் 150 ரூபாயை உண்மையாகவே அனுப்பி, அடுத்த வாரம் ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்பவர்கள், உங்கள் சேமிப்பைக் குறிவைப்பவர்கள். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்பில் பணத்தை இழந்தவர்களையும், மாதம் தவறாமல் பணம் வரும் என்ற இதே வாக்குறுதிதான் இழுத்தது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். விரைந்து சொன்னால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது.

கணக்குத் தொடங்க ஆதார், பான் அட்டை, இரண்டு புகைப்படங்கள், முதல் தவணை ஆகியவற்றோடு அருகிலுள்ள அஞ்சலகத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். படிவத்தில் வாரிசு நியமனம் என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். உங்களுக்குப் பிறகு அந்தப் பணத்தைப் பெற, வீட்டில் இருப்பவர்கள் வாரிசுச் சான்றிதழுக்காக அலைவதை அந்த ஒரு கையெழுத்து தவிர்க்கும். பாஸ்புத்தகத்தில் பதிவு ஏறியிருக்கிறதா என்று கவுன்ட்டரிலேயே பார்த்துவிட்டு, புத்தகம் எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லி வையுங்கள்.