மதுசாரம் இல்லாத பியரில் கணவாய் பொரித்தது: என் அனுபவம்

வீட்டில் யாரும் மதுசாரம் தொடுவதில்லை. அதனால் மதுசாரம் இல்லாத பியரில் மாக் கரைத்துக் கணவாய் பொரித்தேன். மூன்று நாளும் ஒரே கதை: தாச்சியில் போட்டதும் கருஞ்சிவப்பு, தட்டில் வைத்த இரண்டு நிமிடத்தில் தோல் தொய்ந்துவிடும்.

சூட்டைக் குறைத்தேன், எண்ணெய் குடித்தது. அப்பச்சோடாவைக் கூட்டினேன், சவர்க்கார வாசம் வந்ததுதான் மிச்சம்.

வெற்றுக் கானைத் திருப்பிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. அது அப்பிள் சுவையூட்டிய மோல்ட் பானம். மூலப்பொருள் வரிசையில் தண்ணீருக்கு அடுத்ததே சீனி! ஈரம் போகுமுன் சீனி சிவந்துவிடுகிறது.

வெள்ளவத்தையில் சுவை சேர்க்காத சாதா வகை வாங்கினேன். நிறம் சரி, மொறுமொறுப்பு போதவில்லை. மதுசாரம் கோதுமை மாவில் இழுவை உண்டாவதைக் குறைக்கும், சட்டென ஆவியாகித் தோலை உலர்த்தும். அது இல்லாத குறையை ஈடுகட்ட, மாவில் பாதியை வறுக்காத அரிசி மாவாக்கினேன். கொழும்புச் சூட்டில் நுரை நிற்காது. ஆகவே எண்ணெய் 180 பாகை செல்சியஸ் வந்த பிறகே பிரிட்ஜிலிருந்து பியரை எடுத்து ஊற்றினேன். பத்துத் தடவைக்கு மேல் கலக்கவில்லை, சிறு கட்டிகள் கிடக்கட்டும். கணவாயையும் துணியால் ஒற்றி, உலர்ந்த மாவில் புரட்டித் தோய்த்தேன்.

அப்பாடா, அரை மணி கழித்துக் கடித்தாலும் சத்தம் கேட்கிறது.