லேப் ரீடிங் ஏன் ஆடுகிறது? லிபர் ஆஃபீஸ் கால்க்கில் கண்டுபிடிக்கலாம்

ஒரே கன்ட்ரோல் சீரம் (மெஷினைச் சோதிக்க ஓட்டும் மாதிரி), ஒரே மெஷின். நேற்று குளுக்கோஸ் 95, இன்று 98. இந்த ஆட்டம் ஒரே நாளுக்குள் வருகிறதா, நாளுக்கு நாள் வருகிறதா என்று பிரித்துப் பார்த்தால்தான் எங்கே கைவைப்பது என்று தெரியும். இலவசமாகக் கிடைக்கும் லிபர் ஆஃபீஸ் கால்க் (எக்செல் போன்ற மென்பொருள்) இதற்குப் போதும்.

படி 1: ஒரே லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி) கன்ட்ரோலை 5 நாட்கள், நாளுக்கு 5 முறை ஓட்டுங்கள். லேப் தரநிலைகளை வகுக்கும் சி.எல்.எஸ்.ஐ. அமைப்பின் ஈ.பி.15 வழிகாட்டி சொல்லும் கணக்கும் இதுதான். அவசரப்பட்டு ஒரே நாளில் 25 முறை ஓட்டிவிடாதீர்கள். காரணம் படி 4-இல் வருகிறது.

படி 2: நாளுக்கு ஒரு காலம் (நெடுவரிசை) என்று ரீடிங்கை எழுதுங்கள். மெஷினிலிருந்து காப்பி செய்தால் சில எண்கள் எழுத்தாக ஒட்டிக்கொள்ளும். செல்லின் இடது ஓரத்தில் நிற்கும் எண்ணைச் சந்தேகப்படுங்கள். ஃபார்மட்டை நம்பர் என்று மாற்றி, மறுபடி டைப் செய்யுங்கள்.

படி 3: எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், அதற்குள் அனாலிசிஸ் ஆஃப் வேரியன்ஸ். சிங்கிள் ஃபாக்டர், காலம்ஸ் என்று வைத்து ஓகே கொடுங்கள்.

படி 4: வரும் அட்டவணையில் எம்.எஸ். (மீன் ஸ்குவேர்) என்ற நெடுவரிசை மட்டும் போதும். அதில் விதின் குரூப்ஸ் என்பது ஒரே நாளுக்குள் வரும் ஆட்டம், பிட்வீன் குரூப்ஸ் என்பது நாட்களுக்கு இடையிலான ஆட்டம். உதாரணமாக, சராசரி 96, விதின் குரூப்ஸ் 1.44, பிட்வீன் குரூப்ஸ் 12.69 என்று வைப்போம்.

ஒரே நாளுக்குள் எஸ்.டி. (திட்ட விலக்கம்): 1.44-இன் வர்க்கமூலம், 1.2.
நாளுக்கு நாள்: 12.69-இல் 1.44-ஐக் கழித்து 5-ஆல் (நாளுக்கு ஓட்டிய முறை) வகுத்தால் 2.25, வர்க்கமூலம் 1.5. (கழித்தால் மைனஸ் வந்தால் பூஜ்யம் என்று எடுங்கள்.)
மொத்தம்: 1.44 + 2.25 = 3.69, எஸ்.டி. 1.92, சி.வி. (சராசரியில் எஸ்.டி. எத்தனை சதவீதம்) 2%.

ஒரே நாளில் 25 முறை ஓட்டியிருந்தால் அந்த 1.2 மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கும். சி.வி. 1.25% என்று நம்பி, மெஷினின் உண்மையான ஆட்டத்தைத் தவறவிட்டிருப்போம். நோயாளியின் ரத்தம் எல்லா நாளும்தானே வருகிறது!

சரி, இங்கே பெரியது நாளுக்கு நாள் வரும் ஆட்டம். பொடியாக வரும் கன்ட்ரோலில் தினமும் தண்ணீர் ஊற்றும் பிப்பெட்டை முதலில் பாருங்கள். தண்ணீர் கொஞ்சம் கூடிப்போனால் அந்தக் குப்பியின் எல்லா ரீடிங்கும் சேர்ந்தே இறங்கும். அப்புறம் காலிப்ரேஷன் (மெஷினின் அளவுத் திருத்தம்), திறந்து பல நாளான ரீஏஜென்ட் (சோதனைக்கான ரசாயனம்). விதின் குரூப்ஸ் பெரிதாக இருந்தால் தேட வேண்டிய இடம் வேறு: சாம்பிள் முனையில் குமிழி, சரியாகக் கலக்காத குப்பி.